அணையாத மஞ்சள் விளக்கு

மைசூரில் ஒரு நூலகக் கட்டடம். அதன் வாயிலையொட்டிய காவலர் அறையில், சுவரில் பதித்த சாம்பல்நிறப் பெட்டியொன்றில் ஒரு மஞ்சள் விளக்கு பதினான்கு மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக்குள் காவலர்கள் மூவர் மாறினர். பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் கொடுத்து, அந்த விளக்கைக் காட்டி, அது அப்படித்தான் எரியும் என்றும் சொல்லிச் சென்றனர். பெட்டியின் கீழ்ப்புறத்தில் ஒலியெழுப்பும் சிறு துளையின்மேல் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி இரண்டடுக்காக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் யார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தப் பெட்டி குரல் எச்சரிக்கை அமைப்பின் கட்டுப்பாட்டுப் பலகை. தீ கண்டறியப்பட்டால் மணியடிப்பதற்குப் பதிலாக, அல்லது மணியோடு சேர்த்து, மனிதக் குரலில் அறிவிப்புச் செய்வது அதன் வேலை. பெரிய மருத்துவமனைகள், தொடர்வண்டி நிலையங்கள், வணிக வளாகங்கள், பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஆகியவற்றின் கூரைகளில் வட்டவட்டமாகத் தெரியும் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இத்தகைய அமைப்புகளைச் சேர்ந்தவை. நல்ல நாள்களில் அவை மெல்லிசையையும் நூலகம் மூடும் நேரத்தையும் சொல்லும். கெட்ட நாள் ஒன்று வந்தால் எந்தப் படிக்கட்டு வழியாக வெளியேற வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே அவற்றுக்கு ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, தீயைத் தாங்கும் கம்பிவடம் எல்லாம்.

மணி போதாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரச் சுரங்க ரயில் நிலையமொன்றில் விடை தேடப்பட்டது. கிலேன் புரூ, ஜொனாதன் சைம் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே ஐந்து வெளியேற்ற ஒத்திகைகளை நடத்தி, 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். மணி மட்டும் ஒலித்தபோது பயணிகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றனர். மணி எதற்காக ஒலிக்கிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அருகிலிருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தனர். அவரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, எங்கே போக வேண்டும் என்று குரலில் தெளிவாகச் சொன்னபோது விரைவாக வெளியேறினர். உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்ற நீண்டநாள் நம்பிக்கையை அந்த ஆய்வு ஆட்டங்காணச் செய்தது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று 31 பேரைக் கொன்ற தீயில், அங்கே இருந்த அறிவிப்பு அமைப்பு பயன்படுத்தப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளியானது. இந்தியாவுக்கும் அந்தப் பாடம் வந்து சேர்ந்தது. தில்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மேல்மாடத்தை நிறைத்தது, விளக்குகள் அணைந்தன, இருட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் ஒலிக்கவில்லை. இறந்தவர்கள் 59 பேர்.

மைசூருக்குத் தீ புதியதன்று. 1897 பிப்ரவரியில், அரச குடும்பத்துத் திருமணக் கொண்டாட்டத்தின்போது, மரத்தாலான பழைய அரண்மனை எரிந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் அரண்மனை, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியிலும் பங்குகொண்ட ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் அதற்குப் பின் எழுந்து 1912இல் நிறைவுற்றது. 1989 பிப்ரவரி 8 அன்று இதே நகரின் பிரீமியர் ஸ்டுடியோவில், திப்பு சுல்தானைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குரலின் வரலாற்றிலும் இந்நகருக்கு ஓர் இடம் உண்டு. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தம் இல்லத்தில் ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற அதன் பெயரே பின்னர் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. மேலிருந்து வரும் குரல் என்ற கருத்து இந்த ஊருக்கு அந்நியமானதன்று. ஆயினும், நூலகத்தின் கூரையிலிருந்து வரவேண்டிய குரல் வருமா என்று பதினான்கு மாதங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கவைத்தது ஒரு பாதுகாப்புத் தணிக்கையின் படிவம். ‘குரல் எச்சரிக்கை: இயங்குகிறதா, இல்லையா’ என்ற வரிக்கு எதிரே குறியிட வேண்டியிருந்ததால், ஆகஸ்டு மாதத்து மழைநாளொன்றில் ஒரு தொழில்நுட்பர் வரவழைக்கப்பட்டார். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர்; ஐம்பதைக் கடந்தவர். தந்தை சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்துக்குள் கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணியின் எண்ணிக்கையே மொழியாக இருந்ததைக் கேட்டு வளர்ந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். உடன் ஓர் இளைஞன் பயிற்சியாளனாக வந்திருந்தான். பெட்டியின் கதவைத் திறந்ததும் அவன் கை, பழக்கத்தால், ரீசெட் பொத்தானை நோக்கிச் சென்றது.

“தொடாத தம்பி. மொதல்ல அது என்ன சொல்லுதுன்னு எழுதிக்க. அப்புறம் அழிக்கலாம்.”

“சரிங்கண்ணா.”

பழுது பார்க்கும் கலையின் முதல் விதி இதுவே. ரீசெட் செய்தால் விளக்கு சற்றுநேரம் அணையும். பழுது அங்கேயே இருக்கும். இத்தகைய பலகைகளுக்கான ஐரோப்பிய நியமமான இ.என். 54இன் 16ஆம் பகுதி, ஒரு பழுது நேர்ந்தால் 100 நொடிகளுக்குள் பலகை அதைக் காட்டியாக வேண்டும் என்கிறது. எனவே ரீசெட்டுக்குப் பின் ஒரு நிமிடம் விளக்கு அணைந்திருப்பது எதற்கும் சான்றாகாது. விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டுப் போகும் தொழில்நுட்பர், வாயிலைக் கடப்பதற்குள் அது மீண்டும் எரிந்துவிடக்கூடும்.

நிறங்களின் பொருளும் எளிதுதான். சிவப்பு என்றால் ஆபத்து அறிவிப்பு நடந்துகொண்டிருக்கிறது. பச்சை என்றால் மின்சாரம் வருகிறது, அவ்வளவே. மஞ்சளுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பழுது: அமைப்பின் ஏதோ ஓர் உறுப்பு வேலை செய்யவில்லை, அல்லது செய்யாமல் போகக்கூடும். மற்றொன்று முடக்கம்: ஒரு மனிதர், தெரிந்தே, ஒரு பகுதியை நிறுத்திவைத்திருக்கிறார். பழுதைக் கருவி அறிவிக்கிறது. முடக்கத்தை மனிதர் செய்துவிட்டுக் கருவியை நினைவூட்டச் சொல்கிறார். இவற்றுக்கு மேலே ‘பொதுப் பழுது’ என்றொரு விளக்கு உண்டு. மின்வழங்கி, பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி வரிசை, ஒலிவாங்கி, தீயறியும் பலகையிலிருந்து வரும் இணைப்பு, பலகையின் சொந்த மூளை ஆகியவற்றில் எது கெட்டாலும் அந்த ஒரே விளக்கு எரியும். ஊரில் யார் வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் ஒரே கோயில் மணி அடிப்பது போன்ற ஏற்பாடு இது. யார் வீடு என்று அறிய உள்ளே போய்க் கேட்க வேண்டும்.

உள்ளே போய்க் கேட்பதற்குப் பலகையில் நிகழ்வுப் பதிவு என்ற பகுதி இருந்தது. தொழில்நுட்பர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை பின்னோக்கி வாசிக்க, இளைஞன் எழுதிக்கொண்டான். வாசித்து முடித்தபோது பதினான்கு மாதக் கதை கிடைத்தது.

சென்ற ஆண்டு ஜூனில், மூன்றாம் தளத்தின் ‘பி’ வரிசையில் எர்த் பழுது. சில மணி நேரத்தில் தானே மறைகிறது. மறுநாள் மீண்டும் வருகிறது, மறைகிறது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். பிளாஸ்திரி ஒட்டப்பட்டது அந்த நாள்களிலாக இருக்க வேண்டும். ஜூலையில் ஒரு வரி: ‘மூன்றாம் தளம், பி வரிசை, முடக்கம்’. நவம்பரில் அதே தளத்தின் ‘ஏ’ வரிசையில் பழுது. இரண்டு நாள் கழித்து ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்பு. அதன்பின் ‘ஏ’ வரிசை நலம். இவ்வாண்டு ஏப்ரலில் ‘பேட்டரி: உள்மின்தடை அதிகம்’. அந்தக் கடைசிப் பழுதைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளும் பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்று இளைஞன் கேட்டான். தொழில்நுட்பர் விளக்கைக் காட்டினார்.

“ஏற்கெனவே எரியற விளக்கு மறுபடி எப்படிப்பா எரியும்?”

இதில்தான் முழு விஷயமும் அடங்கியிருந்தது. முதல் பழுதைச் சரிசெய்யாமல் விட்டதன் விலை அந்த முதல் பழுது மட்டுமன்று. அதன்பின் வரும் ஒவ்வொரு பழுதும் கண்ணுக்குத் தெரியாததாகிவிடுகிறது. நியமத்தை எழுதியவர்கள் இதை எண்ணாமல் இல்லை. ஒலியை நிறுத்திய பிறகும், புதிய பழுது ஒன்று வந்தால் அது மீண்டும் ஒலித்தாக வேண்டும் என்று அவர்கள் விதித்திருந்தனர். பலகை விதிப்படி ஏப்ரலில் ஒலித்தும் இருக்கும். பிளாஸ்திரியின் இரண்டு அடுக்குகளைத் தாண்டி அது காவலரின் காதுக்கு எட்டவில்லை.

முதலில் எர்த் பழுது. ஒலிபெருக்கி வரிசையின் இரு கம்பிகளும் பூமியோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று ஈரத்தாலோ, தோல் உரிந்து உலோகக் குழாயைத் தொட்டதாலோ பூமியோடு சேர்ந்தால் அது எர்த் பழுது. இதனால் உடனே எதுவும் நிற்பதில்லை. அறிவிப்பு வழக்கம்போல் கேட்கும். அதனாலேயே இது அலட்சியத்துக்கு ஆளாகிறது. ஆனால் மற்றக் கம்பியும் என்றேனும் பூமியைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து குறுக்குச்சுற்றாகி, வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் ஊமையாகும். முதல் எர்த் பழுது என்பது, அமைப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கும் அவகாசம்.

‘பி’ வரிசையில் 24 ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஒரு நாள் போய்விடும். தொழில்நுட்பர் வரிசையை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிரித்தார். அறிவிப்பு ஒலிக்கையில் அந்தக் கம்பிகளில் 100 வோல்ட் வரை ஓடும் என்பதால் பிரிக்காமல் கைவைப்பது தவறு. காப்புத்திறன் சோதிக்கும் மெக்கரின் உயர் மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்துவிடும் என்பதாலும் பிரித்தாக வேண்டும். பிறகு நடுவில், பன்னிரண்டாம் ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றிப் பூமிக்கு எதிராக மின்தடையை அளந்தார். முன்பாதி நலம். பின்பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்தார். 24இல் எந்த இடத்தில் பழுது இருந்தாலும் ஐந்து முறை பிரித்தால் அகப்பட்டுவிடும். அன்று நான்காம் முறையிலேயே அகப்பட்டது. குளிர்சாதனத்தின் நீர்க்குழாய் கசிந்து சொட்டும் இடத்துக்கு நேர்கீழே ஒரு தகரச் சந்திப்புப் பெட்டி. உள்ளே கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறும், பழுது வரும், காய்ந்தால் மறையும். வந்து வந்து மறையும் பழுதைக் கருவியின் கோளாறு என்று எண்ணி முடக்கியவரை முற்றாகக் குற்றஞ்சொல்ல முடியாது. மழையும் பழுதும் ஒரே நாள்களில் வந்ததை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

டேப் இணைப்பை அகற்றி, சூட்டைத் தாங்கும் பீங்கான் இணைப்பானைப் பொருத்தி, பெட்டியைக் கசிவிலிருந்து தள்ளி மாற்றியமைத்தார்கள். குழாயைச் சரிசெய்யும் பொறுப்பு நூலகரிடம் எழுத்தில் ஒப்படைக்கப்பட்டது.

இனி ‘ஏ’ வரிசை. பலகையின் கணக்கில் அது நலமாக இருந்தது. அந்த இடத்தில் வேலையை முடித்திருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்க முடியாது. ஆனால் நவம்பர் மாதத்து ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல் தொழில்நுட்பரை உறுத்தியது.

இந்தப் பலகை ஒலிபெருக்கி வரிசையைக் கண்காணிக்கும் முறை இது: அமைப்பை நிறுவும் நாளில், எல்லா ஒலிபெருக்கிகளும் சரியாக இணைந்திருக்கும்போது, வரிசையின் மின்மறுப்பை அளந்து அதைத் தன் நினைவில் பதித்துக்கொள்ளும். பிறகு அவ்வப்போது அளந்து, பதித்த எண்ணோடு ஒப்பிடும். வேறுபாடு அனுமதித்த அளவைத் தாண்டினால் பழுது என்று அறிவிக்கும். அளவுத்திருத்தம் என்பது, இப்போது இருக்கும் நிலையே சரியான நிலை என்று அதற்கு மீண்டும் கற்பிப்பது. உடைந்திருக்கும் நிலையில் அந்தப் பொத்தானை அழுத்தினால், உடைந்த நிலையையே அது இயல்பு என்று கற்றுக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு ஒப்பிட்டாலும் அதற்கு வேறுபாடு தெரியாது.

பழைய கோப்பு கேட்கப்பட்டது. தேடி எடுத்துத் தந்தவர் மூன்றாம் தளத்தைக் கவனித்த உதவி நூலகர் அம்மையார். கோப்பில் நிறுவிய நாளின் அளவுத்தாள் இருந்தது: ‘ஏ’ வரிசை, 24 ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் 6 வாட், மின்மறுப்பு 68 ஓம். பலகை இப்போது காட்டியது 82 ஓம். தொழில்நுட்பர் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்கிட்டார். 100 வோல்ட் அமைப்பில், 100இன் வர்க்கமான 10,000ஐ மின்மறுப்பால் வகுத்தால் வரிசையின் மொத்தத் திறன் கிடைக்கும். 68ஆல் வகுத்தால் ஏறத்தாழ 147 வாட். 82ஆல் வகுத்தால் 122. வித்தியாசம் 25. ஓர் ஒலிபெருக்கிக்கு 6 வாட்.

“நாலு பேரக் காணோம்,” என்றார்.

மூன்றாம் தளம் முழுவதும் சுற்றிவந்து, நவம்பரில் அங்கே என்ன வேலை நடந்தது என்று உதவி நூலகரிடம் விசாரித்தார்கள். ஒரே ஒரு அறையில் பொய்க்கூரை மாற்றப்பட்டிருந்தது. அது பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கான வாசிப்பறை. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் கொண்ட கணினிகள், ஒலிநூல்கள், பிரெய்ல் அச்சுப்பொறி ஆகியவை அங்கே இருந்தன. அறையில் எட்டு ஒலிபெருக்கிகள்: நான்கு ‘ஏ’ வரிசையில், நான்கு ‘பி’ வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக. ஒரு வரிசை முழுதும் அழிந்தாலும் அறை ஊமையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பின்னி அமைப்பார்கள். பொய்க்கூரையின் ஒரு பலகையை உயர்த்திப் பார்த்தபோது, அந்த அறைக்குப் பிரிந்துவந்த ‘ஏ’ கிளைக்கம்பி வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, ஒழுங்காக மடித்துக் கட்டப்பட்டிருந்தது. விளக்குப் பெட்டி பொருத்த அது இடைஞ்சலாக இருந்திருக்கிறது. வெட்டியவர் ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் அறிவுக்கெட்டிய அளவில் பொறுப்பாகவே நடந்துகொண்டிருக்கிறார்.

மழையில் தொல்லைப்படுத்திய ஒலியை நிறுத்துவதற்காக ஒருவர் ஜூலையில் ‘பி’ வரிசையை முடக்கினார். விளக்குப் பொருத்துவதற்காக ஒருவர் நவம்பரில் ‘ஏ’ கிளையை வெட்டினார். பழுது விளக்கை அணைப்பதற்காக மூன்றாமவர் ஒருவர் அளவுத்திருத்தம் செய்தார். மூவரும் ஒருவரையொருவர் அறியார். மூவர் செய்தவையும் சேர்ந்து, கட்டடம் முழுவதிலும் ஒரே ஓர் அறையை ஊமையாக்கியிருந்தன. மற்ற அறைகளில் ஒலி நின்றாலும் புகையைக் காணலாம், ஓடுபவர்களைக் காணலாம், பச்சை நிறத்தில் ஒளிரும் வெளியேறும் வழிப் பலகையைக் காணலாம். அந்த ஓர் அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் குரல் ஒன்றே வழி. அவர்களில் பலர் காதில் ஹெட்ஃபோன் அணிந்து, மாலை ஏழு மணிக்கு மேலும் அங்கே அமர்ந்திருப்பவர்கள் என்று உதவி நூலகர் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

காட்டிகளைப் பற்றிய ஆய்வுகளில் தவறாமல் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று ஓர் அழுத்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எண்ணினர். வால்வுக்கு மூடும் கட்டளை போயிற்று என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அது அறியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. விளக்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு அது விடை சொன்னதாக மனிதர்கள் எடுத்துக்கொண்டனர். மைசூர் நூலகத்தின் ‘ஏ’ வரிசையும் அப்படியே. ‘நவம்பரில் கற்றுக்கொடுத்தபடியே இருக்கிறேன்’ என்று அது சொன்னது. ‘எல்லா அறைகளிலும் ஒலிக்கிறேன்’ என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடியது அந்தந்த அறையில் நின்று கேட்கும் காது மட்டுமே.

பேட்டரி கடைசியாகப் பார்க்கப்பட்டது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைக்கப்பட்டவை. மல்டிமீட்டரில் 26 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இளைஞன் நலம் என்று எழுதப் போனான். சார்ஜர் இணைந்திருக்கும்போது காட்டும் எண் சார்ஜருடையது. பேட்டரியின் குணம் சுமையேற்றும்போதுதான் தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, எல்லாத் தளங்களுக்கும் சோதனை அறிவிப்பை ஓடவிட்டார்கள். இரண்டாம் வாக்கியத்தின் நடுவில் மின்னழுத்தம் 20 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. குரல் கரகரத்து நின்றது. தீயின்போது முதலில் போவது பெரும்பாலும் மின்சாரம்தான். பிரிட்டனில் பின்பற்றப்படும் விதிப்படி இத்தகைய அமைப்பு, மின்சாரம் போன பின் 24 மணி நேரம் விழித்திருந்து, அதற்கும் பின் அரைமணி நேரம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். இதனால் இரண்டு வாக்கியங்கள் பேச முடியவில்லை. ஏப்ரல் மாதத்திலேயே அது அதைச் சொல்லியிருந்தது.

மறுநாள் புதிய பேட்டரிகள் வந்தன. வெட்டிய கிளை, அதே தரத்துத் தீத்தாங்கும் கம்பியால் இணைக்கப்பட்டது. மின்மறுப்பு 68 ஓமுக்குத் திரும்பியதைக் கண்ட பிறகே அளவுத்திருத்தம் செய்யப்பட்டது. ‘பி’ வரிசையின் முடக்கம் நீக்கப்பட்டது. பிளாஸ்திரி உரிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தபின் இளைஞன் கீழே பலகையருகே நிற்க, தொழில்நுட்பர் ஒவ்வோர் அறையாக நடந்தார். பதிவுசெய்யப்பட்ட அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், நூலகரின் இசைவுடன் உதவி நூலகரே ஒலிவாங்கியில் கன்னடத்திலும் ஒருமுறை பேசினார். சத்தம் கேட்பது வேறு, சொல் விளங்குவது வேறு. எதிரொலிக்கும் பெரிய கூடத்தில் ஒலியைக் கூட்டினால் சொல் இன்னும் குழம்பும். எனவே ஒவ்வோர் அறையிலும் இருந்தவர்களை, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். இதை அளக்கும் கருவி உண்டு. அது அன்று அவரிடம் இல்லை.

வாசிப்பறையில் ஐந்து மாணவர்கள் இருந்தனர். அறிவிப்பு தொடங்கியதும் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றித் தலையைக் கூரைப் பக்கம் திருப்பினார். வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். கதவருகே ஒலி சற்றுக் குறைவு என்றும் சொன்னார். போய்ப் பார்த்தபோது அந்த ஒலிபெருக்கியின் திறன் பிறவற்றைவிடக் குறைந்த அளவில் இணைக்கப்பட்டிருந்தது, அதுவும் மாற்றப்பட்டது. எந்தக் காட்டியும் சொல்லாத பழுது அது. பிறகு அந்த மாணவர், தாம் மூன்று ஆண்டுகளாக இந்த அறைக்கு வருவதாகவும், மூடும் நேர அறிவிப்பு இங்கே கேட்டே பல மாதங்கள் ஆகிவிட்டன என்றும் சொன்னார். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று உதவி நூலகர் கேட்டார். தங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நிறுத்திவைத்திருப்பதாக எண்ணிக்கொண்டதாக அவர் பதில் சொன்னார்.

இறுதியாகத் தொழில்நுட்பர் காவலரை அழைத்து மூன்று செய்திகளைக் கன்னடத்தில் சொன்னார். மஞ்சள் விளக்கு எரிந்தால் திரையில் வரும் வரியை நாளும் நேரமும் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒலியை நிறுத்தலாம், ஆனால் நிறுத்தியதையும் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு சோதனை அறிவிப்பு. ஒவ்வொரு வாரமும் வேறொரு அறையில் போய் நின்று கேட்க வேண்டும், முதல் வாரம் மூன்றாம் தளத்து வாசிப்பறை. காவலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு பலகையை உற்றுப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு ஒன்று கேட்டார்: விளக்கு அணைந்துவிட்டதே, பெட்டி கெட்டுப்போய்விட்டதா?

தொழில்நுட்பர் சிரிக்கவில்லை. விளக்குகளைச் சோதிக்கும் பொத்தானை அழுத்திக் காட்டினார். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒருசேர எரிந்தன. விரலை எடுத்ததும் பச்சை தவிர மற்றவை அணைந்தன. காவலரையும் ஒருமுறை அழுத்தச் சொன்னார். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, பதிவேட்டின் புதிய பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார்.